மறு கரண்டி

மலை ரயில் கிளம்பும் சத்தத்துக்குக் காளிச்சாமி எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாத்தினான். வேப்பங்குச்சி ஒடித்துப் பல் தேய்த்தான். கிணற்றில் இரண்டு குடம் சேந்தி வந்து தொட்டியில் ஊற்றினான். வாசலைக் கூட்டினான். அடுப்புச் சாம்பலை வழித்து, வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கொண்டுபோய் எருக்குழியில் கொட்டினான். பிறகு வீட்டு மூலையில் இருந்த சாக்கை அவிழ்த்து உருளைக்கிழங்குகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தான். முளை விட்டிருந்ததில் முளையைக் கிள்ளினான். அழுகினது ஒன்று இருந்தது. அதை எடுத்துத் தனியே வைத்தான். ஒரு கிழங்கு அழுகினால் மூட்டையே போய்விடும். கிழங்கு மண்டியில் குமாஸ்தாவாகச் சேர்ந்ததிலிருந்து கைக்குப் பழகிய வேலை அது.

முகம் கழுவும்போது கை மேலுதட்டில் நின்றது. முந்தின நாள் கருமாதியில் மீசையை எடுத்திருந்தார்கள்.

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. மேட்டுப்பாளையத்தில் ஐப்பசி பிறந்தால் மலை கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கும் திக்கிலிருந்து குளிர்காற்று மட்டும் இறங்கி வரும்.

இன்றைக்குக் கறி.

மனைவி செத்த வீட்டுக்குக் கருமாதிக்கு மறுநாள் பெண் வீட்டார் கிடாயோடு வருவார்கள். அவர்களே அறுத்து, அவர்களே ஆக்கி, அவர்கள் வீட்டுப் பெண் ஒருத்தி அவன் இலையில் கறி போடவேண்டும். அதை உண்டால்தான் இழவு கழிந்ததாகக் கணக்கு. அதற்குப் பிறகே அவன் வேலைக்குப் போகலாம், கோயிலை மிதிக்கலாம், இன்னொருவர் வாசலில் போய் நிற்கலாம். இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். காளிச்சாமியின் மனைவி நாச்சாத்தாள் பிறந்த வகையறாவில் இதற்கு ஒரு வால் உண்டு. பரிமாறுகிறவள் கட்டிக்கொடுக்கும் வயதில் இருந்தால், முதல் கரண்டி செத்தவளுக்கு. மறு கரண்டி பரிமாறுகிறவளுக்கு. மறு கரண்டியை வாங்கி உண்டுவிட்டால் வெற்றிலை மாற்றிக்கொண்டதற்குச் சமம். வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. கரண்டியே கேட்டுவிடும். வேண்டாமென்று இலைக்கு மேல் கையை மறித்தாலோ, நாலு பேர் முன்னால் அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டதாக அர்த்தம். அப்புறம் அவள் பெயர் ஊர் வாயில் கிடக்கும்.

இன்றைக்குப் பரிமாறப் போகிறவள் நாச்சாத்தாளின் தங்கை மயிலாத்தாள்.

அது நாச்சாத்தாளே சொல்லிவிட்டுப் போன ஏற்பாடு என்று ஊரில் பேச்சு. "எந்தங்கச்சியக் கட்டிக்கச் சொல்லுங்க பெரியாத்தா" என்பதுதான் அவளுடைய கடைசி வார்த்தை என்று அவளுடைய பெரியம்மா பழனியாத்தாள் பிணத்தின் மேல் விழுந்து அழும்போதே சொன்னாள். காரமடை வரைக்கும் அந்த வார்த்தை போய்விட்டது. செத்தவள் வாக்கைத் தட்டினால் குடி விளங்காது என்று எல்லாருக்கும் தெரியும்.

காளிச்சாமிக்குத் தெரிந்தது வேறு. அன்று ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறி இருந்தது. நாச்சாத்தாள் கிழங்கை அரிந்து தண்ணீரில் போட்டுவிட்டு, தலை கிறுகிறுக்கிறது என்று எழுந்தாள். ஆறு மாதம் சுமந்திருந்தாள். அவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போய்ப் படுத்தாள். கறி வெந்த வாசனை வந்ததும் அவன் போய்க் கூப்பிட்டான். கண்கள் மேலே செருகியிருந்தன. மூச்சு குறட்டை போல வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அங்கப்பன் ஓடிப்போய் டாக்டரை அழைத்து வந்தான். வண்டி அனுப்பிப் பழனியாத்தாளைக் கூட்டி வந்தார்கள். காளிச்சாமி அவள் தலையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பொழுது சாயும்போது குறட்டை நின்றது. அதுவரைக்கும் அவள் வாய் திறக்கவில்லை.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. முதலில், பழனியாத்தாள் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. ஏறினபோது அது ஊர்ப் பேச்சாகியிருந்தது. மறுத்தால், "பின்ன என்னதான் சொன்னா?" என்று கேட்பார்கள். அவள் சொன்னது சாவு வீட்டில் எடுத்துச் சொல்லும்படியான பேச்சு இல்லை. கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டாலும், வெற்றிலை எச்சிலோடு வாய்க்கு வாய் மாற்றுவார்கள். அவனுக்கென்று மிஞ்சினது அது ஒன்றுதான்.

தூறலிலேயே சவாரி வண்டி வந்து நின்றது. முதலில் கிடாய் குதித்தது. அடுத்துப் பழனியாத்தாள், ஏனங்களோடு மயிலாத்தாள், கடைசியாக மாமனார் சென்னிமலைக் கவுண்டர் இருமிக்கொண்டே இறங்கினார்.

"ஏனுங் மாப்ள, கூழுகீழு குடிச்சீங்களா?"

"ஆச்சுங்க மாமா."

"எங்க ஆச்சு? அடுப்புப் பத்தவெச்ச மாதிரியே தெரியலையே" என்றபடி பழனியாத்தாள் உள்ளே நுழைந்தாள். வாசலைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். "ஊடெல்லாங் கூட்டித் தண்ணி எடுத்து வெச்சிருக்கறீங்களாட்ட இருக்குது. ஆம்பள சீவக்கட்டயப் புடிச்சா அந்த ஊட்டுல மூதேவி பாய் போட்டுப் படுத்துக்குவா. அதென்னுங்க மூலையில மூட்ட?"

"கெழங்குங்க."

"ஊட்டுக்குள்ளயும் மண்டி போட்டுட்டீங்களா?"

அங்கப்பன் கத்தியைத் தீட்டிக்கொண்டே வேலிப்பக்கமாக வந்தான். மண்டியில் மூட்டை நிறுக்கிறவன். வாய் சும்மா இருக்காது. "அட, நீங்க வேறீங்க ஆத்தா. கோயமுத்தூருக் காலேசுல பி.ஏ. படிச்சுப்போட்டுத் தெனமும் கெழங்குக்குச் சவரம் பண்றவரு சீமையிலயே எங்க காளிச்சாமி ஒருத்தருதான்."

"நீ வந்த வேலையப் பாரு அங்கப்பா. கெடாய்க்குத் தண்ணி காட்டு."

பொடக்காலி வேம்பின் கிளையில் கிடாயைத் தொங்கவிட்டுத் தோலை உரித்தார்கள். சென்னிமலைக் கவுண்டரே பிரித்தார். இருமலுக்கு நடுவிலும் கத்தி தப்பவில்லை. மழைத்தண்ணீரோடு ரத்தம் எருக்குழிப் பக்கம் ஓடியது. காளிச்சாமி தாம்பாளம் பிடித்தான்.

"பருத்தி வெடிக்கற நேரத்துல இப்படிப் புடிச்சுக்கிச்சு மாப்ள. காயெல்லாம் கறுத்துப் போச்சு. எடுத்தாலும் ஜின்னு மில்லுக்காரன் மொகத்தச் சுளிப்பான்."

"ஆமாங்க."

"ஈரல எடுத்துத் தனியா வெய்யுங்க. உங்க அத்தை பழனியாத்தா சுட்டுத் தருவா." கொஞ்ச நேரம் எலும்பை வெட்டினார். பிறகு தலையைத் தூக்காமலே பேசினார். "மூத்தவ போனது போயிருச்சு. அவ ஆத்தா போனப்பக் கூட நான் இப்படி ஆகல. ராத்திரிக்கு நெஞ்ச அடைக்குது. ஆனா எம்பொண்ணு சாகற நேரத்துலயும் தங்கச்சிய நெனச்சிருக்குது பாருங்க. அந்த ஒரு சொல்லுத்தான் மாப்ள என்னையத் தாங்கிக்கிட்டிருக்குது."

காளிச்சாமி தாம்பாளத்தை மாற்றிப் பிடித்தான்.

சமையற்கட்டில் மயிலாத்தாள் அம்மியின் முன் உட்கார்ந்திருந்தாள். மல்லி, வரமிளகாய், சீரகம், மிளகு எல்லாம் வறுபட்டு முறத்தில் ஆறிக்கொண்டிருந்தன. அரைபட அரைபட வீடு பழைய வாசனைக்குத் திரும்பியது. காளிச்சாமி விறகுக்குப் பருத்திமாரைக் கட்டாகக் கொண்டுவந்து அடுப்போரம் போட்டான். நனைந்த மார். எரிவதைவிடப் புகைந்ததுதான் அதிகம்.

"சின்ன வெங்காயத்த எச்சாப் போட்டு வதக்கு" என்று பழனியாத்தாள் பக்கத்தில் நின்று சொன்னாள். "மஞ்சளப் போட்டுக் கறியப் போடு. நல்லாச் சுண்டட்டும். தண்ணி இப்ப ஊத்தாத. அதென்ன பக்கத்துல?"

"கெழங்கு பெரியாத்தா."

"எழவுக் கறில கெழங்கா? கெடா பத்தாமக் கெழங்கப் போட்டுச் சட்டிய ரொப்பிட்டாங்கன்னு நாளைக்கி ஊரு சிரிக்கோணுமா?"

"அக்கா போடுவா. போன நோம்பிக்கு வந்தப்பச் சொன்னா. மாமன் ஊட்டுல கெழங்கில்லாமக் கறியே எறங்காதாமா."

"அவ மண்டிக்காரன் பொண்டாட்டி. மண்டியில உருண்டதயெல்லாஞ் சட்டியில போட்டா." பழனியாத்தாள் சிரித்தாள். "செரி, போட்டுக்க போ. உனக்கும் பழகோணுமல்ல. நீயும் இனி மண்டிக்காரன் ஊட்டுக்காரிதானே?"

அம்மிக்குழவி நின்றது. மறுபடி ஓடியது.

கறி சட்டியில் விழுந்ததும் பழனியாத்தாள் ஈரல் வாங்கப் பொடக்காலிக்குப் போனாள். காளிச்சாமி குனிந்து அடுப்பை ஊதினான். புகை இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. சட்டியில் கறி தண்ணீர் விட்டுக்கொண்டு அப்போதுதான் முதல் கொதி கண்டிருந்தது. துண்டுகளின் சிவப்பு இன்னும் மாறவில்லை.

"மாமா."

அவன் நிமிர்ந்தான்.

"ஒண்ணு கேக்கோணுங்க. கேட்டா வையக்கூடாது."

"கேளு."

"அக்கா நெசமாலுமே அப்படிச் சொன்னாளுங்களா?"

அவன் மறுபடி குனிந்து அடுப்பை ஊதினான்.

"சொல்லியிருந்தா நாங் கட்டிக்கறேனுங்க. அவ சொல்லி நான் எதயுந் தட்டுனதில்ல. அவ சீலையக் கட்டிக்கிட்டு, அவ அடுப்புல ஆக்கிக்கிட்டு, அவ படுத்த எடத்துல படுத்துக்கறேன். எப்படியோ பழகிப் போகும். சொல்லலீன்னா மட்டும்…" அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொல்லலீன்னா, எனக்கு இந்த ஊட்டுல அவ மொகந்தானுங்க தெரியுது. எங்க பார்த்தாலும். உங்க மொகத்துலயும்."

அடுப்பு சட்டென்று பற்றிக்கொண்டது. அவன் ஒரு மாரை உள்ளே தள்ளினான்.

"நீங்க பேச மாட்டீங்க. அக்காளே சொல்லுவா, உங்க மாமன் வாயத் தெறக்கோணும்னாக் கடப்பாறை வேணும்புள்ளன்னு."

அது நாச்சாத்தாள் பேச்சேதான். காளிச்சாமிக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

மயிலாத்தாள் அரிந்த கிழங்கை இரண்டு கையாலும் அள்ளினாள். அவர்கள் ஊரில் கிழங்கு வாங்கிச் சமைப்பவர்கள் குறைவு. அது எத்தனை கொதி தாங்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வேகாத கறியின் மேல் அப்படியே போட்டாள். அவனுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. அது அவன் வார்த்தை அல்ல. உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே போனான்.

எருக்குழியோரம் கூரைச் சொட்டுக்குக் கீழே நின்றான். பழனியாத்தாள் சுட்ட ஈரலை வாழையிலைத் துண்டில் வைத்து எடுத்துக்கொண்டு தேடி வந்தாள்.

"இந்தாங்க மாப்ள. சுடச்சுடத் தின்னுங்க. இது கணக்குல சேராது."

"பொறவு தின்னுக்கறேனுங்க அத்தை."

"அந்தப் புள்ள உங்ககிட்ட என்ன கேட்டுச்சு?"

அவன் எருக்குழிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவளுக்கு அதுவே போதுமாயிருந்தது.

"நேத்திலிருந்து என்னையவும் அதேதான் நோண்டறா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் அவ காதுக்குள்ள நாச்சா நாச்சான்னு கூப்புட்டனுங்க. ஒதடு அசஞ்சாப்புல இருந்துச்சு. எனக்கு அப்படித்தாங் கேட்டுச்சு."

"அவ பேசலீங்க."

"உங்களுக்குக் கேக்கலீன்னு சொல்லுங்க."

"மடியிலதானுங்க இருந்தா."

பழனியாத்தாள் ஈரலைப் பார்த்தபடி நின்றாள். மழை இலைத்துண்டின் மேல் விழுந்தது. "இவ அப்பன் இருமறதக் கேட்டீங்களா? இந்தப் பனிய அவரு தாண்டுனாத் தெய்வச் செயலு. ஆத்தா இல்லாத புள்ள. எவனோ ஒருத்தன் ஊட்டுல போயி, எப்படிப்பட்டவனோ, குடிகாரனோ, கைநீட்டறவனோ… உங்களத் தெரியும். அடிக்க மாட்டீங்க. பேசமாட்டீங்க, அவ்வளவுதான். தெரியாத கெணத்துல தள்ளறதுக்குத் தெரிஞ்ச மேட்டுல நிக்கட்டுமேன்னு நெனச்சேன். தப்பா? செத்தவ என்ன சொன்னான்னு உசுரோட இருக்கறவங்கதானுங்க சொல்லோணும். அவ வந்தா சொல்லப் போறா?"

அவள் ஈரலை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள். அது ஆறிப்போகும் வரைக்கும் அவன் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு காக்கைக்குப் போட்டான்.

உச்சிப்பொழுது என்று மேகத்தைப் பார்த்துச் சொல்லமுடியவில்லை. பந்தியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். காளிச்சாமி பக்கத்துப் பங்காளிகள், அங்கப்பன், எதிரில் சென்னிமலைக் கவுண்டர். தலைவாழை இலையில் நெல்லுச்சோறு. முன் வாசல் வழியாக ஈரக்காற்று வந்து இலைகளைப் புரட்டப் பார்த்தது. அதை ஆளாளுக்கு விரலால் அழுத்திக்கொண்டார்கள்.

பழனியாத்தாள் சட்டியை இறக்கி வைத்துக் கரண்டியால் துழாவினாள். "கெழங்கெங்க புள்ள? கொழம்பு களியாட்ட இருக்குது?"

"போட்டேனே பெரியாத்தா." மயிலாத்தாள் முகம் வெளுத்துவிட்டது.

"கறிய நாம திங்கறதுக்கு முன்னாடிக் கெழங்க அது உண்டுபோட்டுதாட்ட இருக்குது" என்றான் அங்கப்பன். இரண்டு பேர் சிரித்து, இழவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

மயிலாத்தாள் சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வந்தாள். முதல் கரண்டி காளிச்சாமி இலையில் விழுந்தது. எல்லாரும் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பிசைந்தான். குழம்பு சோற்றில் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. அதில் கிழங்கு என்று ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. மாவாக எங்கும் இருந்தது. புகை வாசனை. காரம் சற்றுத் தூக்கல். உப்பு சரியாக இருந்தது. மென்றான், விழுங்கினான். ருசி தெரிந்தது. தனக்கு ருசி தெரிகிறது என்பதே அவனுக்கு விரோதமாக இருந்தது.

"தீட்டுக் கழிஞ்சுதுங்க" என்றார் பங்காளிகளில் மூத்தவர். மற்றவர்கள் சோற்றில் கை வைத்தார்கள்.

குழம்பு தீரத் தீர அவன் இலையில் சோறு வெளுத்துக்கொண்டே வந்தது. பழனியாத்தாள் கண்ணைக் காட்டினாள். மயிலாத்தாள் மறுபடி வந்து நின்றாள். கரண்டியை மொண்டு இலைக்கு நேராகப் பிடித்தாள். பந்தியில் மெல்லுகிற சத்தம் நின்றது. கரண்டியின் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு அவன் இலை ஓரத்தில் விழுந்தது.

அவன் கையை எடுத்துக்கொண்டால் போதும். குழம்பு விழும். நாளையிலிருந்து வாசல் கூட்டவேண்டாம், கிணற்றுக்குப் போகவேண்டாம், வீட்டில் ஒரு விளக்கு எரியும். கையை மறித்தால் இந்தப் பெண்ணைச் சபையில் தள்ளினதாகும். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் இலையைப் பார்க்கவில்லை. அடுப்பின் முன்னால் கேட்ட கேள்வியை இன்னும் அப்படியே கண்ணில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கெழங்கு கரஞ்சு போச்சு" என்றான் காளிச்சாமி.

அங்கப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காளிச்சாமியின் குரல் இருந்த விதத்தைக் கேட்டுவிட்டு இலையில் குனிந்துகொண்டான்.

"முன்னாடியே போட்டுட்டே."

"எனக்குத் தெரியலீங்க மாமா."

"எனக்குத் தெரியும். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லியிருக்கோணும்." அவன் மாமனார் பக்கம் திரும்பினான். "மாமா. நாச்சா கடசியாப் பேசுனது எங்கிட்டத்தானுங்க. அதுக்குப் பொறவு வாயத் தெறக்கல. தங்கச்சியப் பத்தி அவ ஒண்ணுஞ் சொல்லல. அத்தைக்குக் கேட்டது அவுங்க மனசுல இருந்ததுங்க. அவுங்களையும் தப்புச் சொல்ல முடியாது."

"நல்லாருக்குதே நாயம்!" பழனியாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன நாளாக் கல்லாட்ட இருந்துபோட்டு…"

"நீ சும்மா இரு" என்றார் சென்னிமலைக் கவுண்டர். சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். இருமல் வந்தது. அடக்கிக்கொண்டார். தன்னைத் தாங்குவதாக அவர் சொன்ன அந்த ஒரு சொல் சரிந்து விழுவதைக் காளிச்சாமி அவர் முகத்தில் பார்த்தான். அவர் கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தார். "பின்ன என்னதான் மாப்ள சொன்னா எம்பொண்ணு? எதுவானாலுஞ் செரி. எனக்கு அது வேணும்."

மயிலாத்தாள் கரண்டியைச் சட்டிக்குள் இறக்கினாள். சட்டியைத் தரையில் வைத்துவிட்டு, அப்பன் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

காளிச்சாமி இலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அடுப்பில் கறி இருந்ததை, அரிந்த கிழங்கு தண்ணீரில் கிடந்ததை, அவள் சுவரில் கை வைத்து எழுந்ததை. அவள் அறைக்குள் போகும்போது திரும்பி நின்றாள். பிறகு அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"ஏனுங்க, கெழங்க இப்பவே போட்டுப்போடாதீங்க, கரஞ்சு போயிரும். கறி வேகட்டும். நாஞ் சித்த நேரம் படுத்திருக்கறேன். கெழங்கு போடறப்ப என்னைய எழுப்புங்க."